கோழிக்கூண்டுக்கு எது காவல்: வலையா, வெல்டு மெஷ்ஷா, கரண்ட் வேலியா?

கூண்டு கட்டுபவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அறுகோணக் கண் உள்ள கோழிவலையில்தான். மலிவு, கையாலேயே வளைக்கலாம். ஆனால் அது கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் லாயக்கு, வெளியே இருப்பதைத் தடுக்க அல்ல. மெல்லிய கம்பியை முறுக்கிக் கோத்திருப்பார்கள். நாய் பல்லால் கவ்வி இழுத்தால் முறுக்கு பிரிந்து, தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழும். கண் ஒரு அங்குலம் இருந்தால் எலிக்கு இழுக்கிற வேலைகூட இல்லை.

வெல்டு மெஷ்ஷில் கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் பற்றவைத்திருக்கும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றவை பிரியாது. துத்தநாகம் பூசிய, அரை அங்குலக் கண் உள்ளதாக வாங்கினால் நாய், கீரி, மரநாய், பெருச்சாளி எல்லாம் வெளியேதான். சுண்டெலியும் பாம்புக்குட்டியும் தொல்லை என்றால் கால் அங்குலம் தேவைப்படும். விலை அதிகம்தான், வெட்டும்போது கையைக் கிழிக்கும். இருந்தாலும் இரவில் கோழி அடையும் இடத்துக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

செலவைக் குறைக்க, கீழே மூன்றடிக்கு மெஷ், அதற்கு மேல் கோழிவலை என்று கலந்து கட்டுவதும் உண்டு. நாய்க்கு அது போதும். மரநாய் ஏறி மேலே போய்விடும். ஆகவே பகலில் கோழி மேயும் அடைப்புக்கு மட்டும் அந்த ஏற்பாடு சரி. நைலான் வலையைப் பக்கவாட்டில் கட்டவே வேண்டாம், எலி கடித்துவிடும். பருந்துக்காக மேலே விரிக்க மட்டும் நல்லது.

மெஷ்ஷை எப்படி அடிக்கிறோம் என்பதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. ஸ்டேப்ளர் பின் மட்டும் அடித்தால், நாய் முட்டி முட்டியே பின்னைப் பிடுங்கிவிடும். அகலமான வாஷர் வைத்து ஸ்க்ரூ போட்டால் சட்டம் உடைந்தால்தான் உண்டு.

அடுத்தது தரை. சிமென்ட் தளம் போட்டால் தோண்டும் பிரச்சினை முடிந்தது, ஆனால் பிறகு கூண்டை நகர்த்த முடியாது. சுற்றிலும் ஒன்றரை அடி பள்ளம் வெட்டி மெஷ்ஷைப் புதைக்கலாம். முதுகு ஒடியும் வேலை, மண்ணுக்குள் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. மெஷ்ஷைச் சுவரின் அடியோடு இணைத்து, வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையில் படுக்க விரித்து, ஓரத்தில் கல் வைத்துவிடுவது. தோண்டும் பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும். அங்கே நகம் கம்பியில் மாட்டும். இரண்டடி தள்ளிப்போய்த் தோண்டலாம் என்று அதற்குப் பெரும்பாலும் தோன்றாது. புல் வளர்ந்ததும் கம்பி கண்ணுக்கே தெரியாது.

கரண்ட் வேலி என்றால் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது இல்லை. அது உயிரை வாங்கும். அதற்கென்றே உள்ள எனர்ஜைசர் என்ற கருவி விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கும். தோட்டம் பெரிதாக இருந்து நாய், நரி தொல்லை இருந்தால் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் மண் காய்ந்து கிடந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது, புல் கம்பியில் பட்டால் வேகம் குறையும். பருந்துக்கும் பாம்புக்கும் அதை நம்ப முடியாது. மெஷ்ஷுக்கு மேல் கூடுதலாக வைக்கலாம், மெஷ்ஷுக்குப் பதிலாக முடியாது. மிரட்ட வைக்கும் மினுக்கும் விளக்கு, பொம்மை ஆந்தை வகையறாக்கள் பிராணிகளுக்கு நாலைந்து நாளில் பழகிவிடும்.

கடைசியாகக் கதவு. வெளிச்சம் பார்த்துத் தானே மூடும் கதவு நல்ல வசதி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாதவர்களுக்கு நிச்சயம் வாங்கத் தகுந்தது. அது கோழி எண்ணிப் பார்க்காது. கடைசிக் கோழி வெளியே நின்றாலும் மூடிவிடும். தினமும் சாயங்காலம் ஆள் இருக்கிற வீட்டில் கையால் போடும் தாழ்ப்பாளே போதும், அதில் ஒரு கொக்கியும் சேர்த்து மாட்டிவிட்டால்.