எங்கள் ஊருக்கு வரையப்பட்ட 20 ஆண்டுத் திட்டம்: ஒரு சேவை மதிப்புரை

சேர்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்தில், ஓமலூருக்கு அருகே உள்ள எங்கள் ஊராட்சிக்கு அடுத்த 20 ஆண்டுகளுக்கான வளர்ச்சித் திட்டம் ஒன்றை வரைந்து தருமாறு ஒரு தனியார் ஊரமைப்பு ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். குடியிருப்போர் சங்கமும் கடைவீதி வணிகர்களும் ஏரிப் பாசன விவசாயிகளும் பணம் போட்டு, 3,20,000 ரூபாயை மூன்று தவணைகளில் கட்டினோம். ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்றிருந்தது. கைக்கு வர எட்டு மாதம் ஆனது. ஓர் அறிக்கையும் பதினொரு வரைபடங்களும் கிடைத்தன. குறைகளையும் எழுதப் போவதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இத்தகைய சேவையை நாடப்போகும் பிற ஊரார், பணம் கட்டும் முன் எதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று அறிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இப்படித் தனியாரிடம் வரைந்து வாங்கும் திட்டத்துக்குச் சட்ட வலு கிடையாது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் கீழ் அரசு ஒப்புதல் பெறும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வேறு. ஊராட்சிகள் ஆண்டுதோறும் தயாரிக்கும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வேறு. முன்னதில் எங்கள் ஊரைப் போன்ற சிற்றூரின் சந்துபொந்துகள் தெரியா. பின்னதில் வரும் ஆண்டின் சாலையும் தெருவிளக்கும் தவிரத் தொலைவில் உள்ளது எதுவும் தெரியாது. இவை இரண்டுக்கும் இடையில், கிராம சபையில் வைத்துப் பேசத்தக்க நெடுநோக்கு ஆவணம் ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. பெங்களூரு நெடுஞ்சாலையும் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் காமலாபுரத்தில் விமான நிலையமும் இருக்கும் வட்டாரத்தில், குச்சிக்கிழங்கும் கடலையும் விளைந்த மேட்டாங்காடுகளில் வெள்ளை அடித்த மனைக்கற்கள் முளைத்து வருவதைப் பார்த்துக்கொண்டு இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

இந்தச் சேவையில் என் மனம் நிறைந்த பகுதி நீர்வழி ஆய்வு. பொதுவாக ஆலோசகர்கள் செயற்கைக்கோள் படத்தை விரித்து, நீலக்கோடு தெரிந்த இடத்தை ஓடை என்றும் தெரியாத இடத்தைக் காலி நிலம் என்றும் குறித்துவிடுவார்கள் என்று அஞ்சியிருந்தேன். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலங்களின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படங்களையும், ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று பதிந்திருக்கும் அ-பதிவேட்டின் நகலையும் வாங்கிக்கொண்டு வந்து, ஓடைப் புறம்போக்கு என்று பதிவான ஒவ்வொரு புல எண்ணையும் தரையில் தேடி நடந்தார்கள். மலையடிவாரக் காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஏரிக்கோடி வரை நான்கு நாள்கள் நடந்தோம். காட்டுக்கொட்டாயில் குடியிருக்கும் ஒரு பாட்டி, செம்மண் கொட்டி மேடாக்கிய ஒரு பாதையைக் காட்டி, “இது தடம் இல்ல கண்ணு, ஏரிக்குத் தண்ணி போற வாரி, எங்க மாமனார் காலத்துல இதுல எருமையே நீந்தும்” என்றார். புலப்படத்தில் பார்த்தபோது அவர் சொன்ன இடத்தில் அதே அகலத்தில் வாரி இருந்தது. இப்படி ஏழு இடங்களில், பதிவேட்டில் உயிரோடிருந்து தரையில் மறைந்துபோன வரத்து வாரிகளை அவர்கள் கண்டெடுத்து, புல எண்ணோடு வரைபடத்தில் குறித்துத் தந்திருக்கிறார்கள். கட்டிய பணம் இந்த ஒரு தாளுக்கே தகும் என்பது என் கருத்து.

இதன் அருமை மழைக்காலத்தில்தான் தெரியும். நூறு ஏக்கர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 2 கோடி லிட்டர். உழுத காடாக இருந்தவரை அதில் பெரும்பங்கை மண் குடித்தது; மனைகளாகவும் சிமெண்டுத் தரையாகவும் மாறிவிட்டால், அத்தனையும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும். சேர்வராயன் மலையில் பிறந்து ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரியில் கலக்கும் சரபங்கா ஆற்றுக்கு எங்கள் ஓடைகள் போய்ச் சேர வேண்டியவை. வழி அடைபட்டால் அந்த நீர் வீடுகளைத்தான் தேடும். மேட்டூர் அணையின் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்கு ஏற்றும் திட்டத்தில் எங்கள் ஏரி இல்லை. ஆகவே மலையோடைதான் எங்களுக்கு ஒரே வரத்து. ஏற்காடு வட்டத்தில் கட்டடம் கட்டுவதற்கு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. அடிவாரத்தில் சமதளம் தொடங்கியவுடன் அந்தக் காப்பு நின்றுவிடுகிறது. மலையில் காக்கப்படும் நீர் அடிவாரத்தில் வழியிழக்கும் இந்த முரணை அறிக்கை ஒரு தனி இயலாகவே எழுதி, ஒவ்வொரு வாரிக்கும் இருபுறமும் விட வேண்டிய இடத்தை அடிக்கணக்கில் சொல்லியிருக்கிறது.

பொதுத் திடல்கள் பற்றிய இயலும் நன்று. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம்; 3,000-க்குக் கீழே எதுவும் இல்லை. 10,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். எங்கள் ஊரில் அந்த வரம்புக்குள் அடங்கும்படி இரண்டு, இரண்டேகால் ஏக்கர் அளவில் துண்டு துண்டாக மனைப்பிரிவுகள் வருவதன் விளைவை நிறுவனத்தார் ஒரே படத்தில் அடுக்கிக் காட்டினார்கள். அத்தனை மனைகள் வந்தும் பிள்ளைகள் பந்து விளையாட ஒரு திடல்கூட ஊருக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியிருக்கும் மந்தைப் புறம்போக்கையும் பழைய களத்தையும் இப்போதே அளந்து வேலியிட வேண்டும் என்ற அவர்களது பரிந்துரையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வாய்ப்பளித்தது. அப்படி வரன்முறையான தெருக்கள் சில, ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத குறுகலோடு அப்படியே நிலைத்துவிட்டன. அவற்றுக்கு இணைப்புச் சாலை எங்கே தரலாம் என்பதையும் வரைபடம் காட்டுகிறது.

மக்கள்தொகைக் கணிப்புதான் இந்த அறிக்கையின் பலவீனமான பகுதி. 2001, 2011 கணக்கெடுப்புகளை வைத்து, அதே வேகத்தில் ஊர் வளரும் என்று கோட்டை நீட்டியிருக்கிறார்கள். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காதது அவர்கள் தவறன்று. ஆனால் மின் இணைப்பு எண்ணிக்கை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, குடும்ப அட்டை ஆகியவற்றைக் கொண்டு இடைக்கால மதிப்பீடு செய்திருக்க முடியும். நாங்கள் கேட்டும் செய்யவில்லை. விசைத்தறிக் கூடங்களிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும் வேலை செய்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர்களும் இதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். வளர்ச்சி எதிர்பார்த்தபடி நேர்க்கோட்டில் வருவதில்லை என்பதற்கு எங்கள் வட்டார விமான நிலையமே சான்று: 2018 மார்ச்சில் சென்னைக்குச் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. குறைவு, நடுத்தரம், மிகுதி என்று மூன்று கணிப்புகள் தந்திருந்தால் எதற்கும் ஆயத்தமாக இருக்கலாம்.

இந்தப் பிழை குடிநீர் இயலிலும் தொடர்கிறது. ஊரகப் பகுதிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் அளவை 20 ஆண்டுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கான அளவு 135 லிட்டர். 12,000 பேருக்கு முதல் கணக்கில் நாளொன்றுக்கு 6,60,000 லிட்டர் வேண்டும். இரண்டாவது கணக்கில் 16,20,000 லிட்டர். சிற்றூர் நகரமாகும்போது தேவை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும். மேல்நிலைத் தொட்டிக்கு எங்கே இடம் ஒதுக்குவது என்பதே அதைப் பொறுத்தது. அதைவிட எனக்குக் கவலை தருவது கழிவுநீர்த் தொட்டிகள். இருபதடி தூரத்தில் ஒரு வீட்டின் கழிவுத் தொட்டியும் அடுத்த வீட்டின் போர்க் குழாயும் இருக்கும் தெருக்கள் எங்களிடம் உள்ளன. தொட்டியை உறிஞ்சும் லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்ற கேள்விக்கு அறிக்கையில் அரைப்பக்கம்தான் கிடைத்தது. குப்பைக் கிடங்கு பற்றியும் அவ்வளவே.

கருத்துக்கேட்புக் கூட்டங்கள் மூன்றும் வார நாள்களில் காலை 11 மணிக்கு நடந்தன. தறி ஓட்டுபவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும் அந்நேரத்தில் வர இயலாது. வந்தவர்கள் பெரும்பாலும் நிலவுடைமையாளர்களும் ஓய்வுபெற்றவர்களுமே. நானும் ஓய்வுபெற்ற ஆசிரியர்தான். எங்கள் வற்புறுத்தலுக்குப் பிறகு, தண்ணீர்த் தொட்டி அருகே மாலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் விளக்கு, பள்ளிக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலையைக் கடக்க ஒரு சுரங்கப்பாதை, மகளிர் கழிப்பறை என்று, முதல் மூன்று கூட்டங்களில் ஒருவர்கூடச் சொல்லாதவை அங்கே ஒரு மணி நேரத்தில் வந்து குவிந்தன. அவற்றுள் சுரங்கப்பாதை மட்டும் அறிக்கையில் இடம்பெறவில்லை. நெடுஞ்சாலை ஊராட்சியின் அதிகாரத்தில் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதிகாரம் யாரிடம் இருந்தாலும், சாலையைக் கடப்பது எங்கள் பிள்ளைகள். கோரிக்கையாகவாவது அது பதிவாகியிருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை செயல் அட்டவணை இல்லாதது. ‘வரத்து வாரிகளை மீட்க வேண்டும்’ என்பது போல 38 பரிந்துரைகள் இருக்கின்றன. எந்த ஆண்டில், எந்தத் துறை, எந்த நிதியில் என்று ஒன்றுக்கும் எழுதப்படவில்லை. வாரியை அளக்க வருவாய்த் துறை, தூர்வார ஊரக வேலைத் திட்டம், ஏரி மதகுக்கு நீர்வளத் துறையா ஊராட்சி ஒன்றியமா என்ற பிரிப்பு இல்லாமல் கிராம சபையில் தீர்மானம் எழுத முடியாது. காந்தி ஜெயந்தி கிராம சபையில் நாங்கள் இந்த அறிக்கையை வைத்தபோது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியவை இரண்டே இரண்டு: ஏழு வாரிகளையும் அளந்து கல் நட வேண்டும் என்பதும், மந்தைப் புறம்போக்குக்கு வேலி வேண்டும் என்பதும். புல எண்ணோடு இருந்ததால் அவை ஏறின. மற்றவை பேச்சோடு நின்றன.

வரைபடங்களைக் கணினிக் கோப்பாகவும் தர வேண்டும் என்று கேட்டதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் அதை எழுதாதது எங்கள் கவனக்குறைவு. அச்சுத் தாளில் ஆண்டுக்கு ஆண்டு திருத்தம் செய்ய முடியாது என்பதால், இருபது ஆண்டுத் திட்டத்துக்குக் கோப்பு இன்றியமையாதது.

வேறு ஊரார் கேட்டால், நீர்வழி ஆய்வுக்கும் புறம்போக்கு நில ஆய்வுக்கும் இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மக்கள்தொகை, குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்றுக்கும் வேறு வல்லுநரை வைத்துக்கொள்வது நல்லது. ஒப்பந்தத்தில் ஆண்டுவாரிச் செயல் அட்டவணை, கணினிக் கோப்பு, மாலை நேரக் கூட்டங்கள் ஆகியவற்றை எழுதி, இறுதித் தவணையை அட்டவணை கைக்கு வந்த பிறகே கொடுங்கள். எங்களது இறுதித் தவணை முன்னரே போய்விட்டது. அட்டவணையை இப்போது நாங்களே, ஞாயிற்றுக்கிழமைகளில், பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் ஆண்டுக்கு எதிரே ஏழு வாரிகளின் புல எண்கள் ஏறிவிட்டன.