அட்வான்ஸா, டெபாசிட்டா?

நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி "வாடகை எவ்வளவு?", அடுத்தது "அட்வான்ஸ் எவ்வளவு?". அந்த இரண்டாவது கேள்வியில் சொல் பிசகியிருக்கிறது. கேட்பது டெபாசிட்டை.

பின்னால் கொடுக்கவேண்டிய காசில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தால் அது அட்வான்ஸ். கணக்கில் கழிந்து கரைந்துவிடும். ஓர் உறுதிக்காக அடுத்தவர் கையில் வைத்திருக்கும் காசு டெபாசிட். சொன்னபடி நடந்தால் திரும்பி வரும், நடக்காவிட்டால் போகும். தேர்தல் செய்தியில் நமக்கு இந்தக் குழப்பமே கிடையாது. மக்களவைத் தேர்தலுக்குப் பொதுப் பிரிவு வேட்பாளர் 25,000 ரூபாய் கட்டுகிறார். தோற்றவர் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டவில்லையென்றால் 'டெபாசிட் இழந்தார்'. 'அட்வான்ஸ் இழந்தார்' என்று எவரும் எழுதுவதில்லை. அரசு ஊழியர் வாங்குவது பண்டிகை அட்வான்ஸ். சம்பளத்தில் தவணையாகப் பிடிப்பார்கள். குளச்சலில் விசைப்படகுத் தொழிலாளி முதலாளியிடம் வாங்குவதும் அட்வான்ஸ்தான், பங்கில் கழியும்.

வீட்டு வாடகையில் சொல் மாறுவதால் வரும் சிக்கல், காலி செய்யும் மாதத்தில்தான் தெரியும். வாடகை 8,000, 'அட்வான்ஸ்' 24,000 என்று வைத்துக்கொள்வோம். "கடைசி ரெண்டு மாசத்தை அட்வான்ஸுல கழிச்சிருங்க" என்பார் குடியிருப்பவர். சொல்லை நம்பினால் அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் கழித்துவிட்டால் உரிமையாளர் கையில் மிச்சம் 8,000. மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால் கடைசி பில், ஆள் போன பிறகு வரும். உடைந்த வாஷ்பேசினும் அந்த 8,000க்குள் அடங்கவேண்டும். ஒப்பந்தத்தில் 'திரும்பத் தரத்தக்க காப்புத்தொகை, வாடகையில் கழிக்கலாகாது' என்று ஒரு வரி இருந்தால் இந்தப் பேச்சே எழாது.

மறுபக்கமும் உண்டு. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை டெபாசிட் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருப்பவர் தரவேண்டிய பாக்கியை மட்டும் கழித்துத் திருப்பவேண்டும். 'வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை' என்ற ஓட்டை வழியாகத்தான் பத்து மாத 'அட்வான்ஸ்' நுழைகிறது. பெயின்ட் அடிக்கும் செலவைப் பிடிப்பது நம் ஊர் வழக்கம். ஒப்பந்தத்தில் அப்படி இல்லையென்றால் சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்கிறது அதே சட்டத்தின் அட்டவணை.

மனை வாங்கும்போது விஷயம் இன்னும் நுணுக்கமானது. அங்கே கைமாறும் முதல் காசுக்குத் தமிழில் அச்சாரம் என்று அருமையான சொல் இருக்கிறது. அச்சாரம் டெபாசிட்டாகத் தொடங்கி அட்வான்ஸாக முடிவது: கிரயம் முடியும்வரை பிணை, முடிந்ததும் விலையில் ஒரு பகுதி. வாங்குபவர் பின்வாங்கினால்தான் வித்தியாசம் தெரியும். 2012இல் சதீஷ் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது. பிணையாகக் கொடுத்த அச்சாரத்தைப் பறிமுதல் செய்யலாம், அதற்கு ஒப்பந்த வாசகம் தெளிவாக இருக்கவேண்டும். விலையின் பகுதியாக மட்டும் கொடுத்த காசுக்குப் பறிமுதல் வாசகம் பொருந்தாது. 'முன்பணம்' என்று மட்டும் எழுதி வைத்தால் இரண்டு தரப்பும் தனக்கு ஏற்றபடி வாசிக்கும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தம் பதிவாகவேண்டும். பதிவுக் கட்டணம் கொடுத்த முன்பணத்தில் 1 சதவீதம். இங்கேதான் பலர் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். ஐந்து சென்ட் மனைக்கு 5 லட்சம் கொடுத்துவிட்டுப் பத்திரத்தில் 1 லட்சம் காட்டினால் மிச்சமாவது 4,000 ரூபாய். தாளில் இல்லாமல் போவது 4 லட்சம். அது அச்சாரமா அட்வான்ஸா என்று வாதாடக்கூட வழியிருக்காது. ரொக்கமும் ஆகாது. 2015 ஜூன் முதல், சொத்து விற்பனைக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வங்கி வழியாகத்தான் வாங்கவேண்டும். மீறினால் பணத்தை வாங்கிய விற்பனையாளருக்கு அதே அளவு அபராதம் வரக்கூடும்.

விற்பவர் கிரயத்துக்கு வராமல் இழுத்தடித்தால், கிரயம் செய்து தரக் கோரும் வழக்கிலேயே "இல்லையென்றால் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும்" என்று மனுவில் தனியாகக் கேட்கவேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது.

வாடகைக்கும் கிரயத்துக்கும் நடுவே நம் மாவட்டத்தில் ஒத்தி இருக்கிறது. 5 லட்சம் கொடுத்து மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருந்துவிட்டு, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போவது. திரும்பி வருவதால் டெபாசிட் போலத் தெரியும். உண்மையில் அது வீட்டின்மேல் கொடுத்த கடன், சட்டத்தில் சுவாதீன அடமானம். இரண்டு சாட்சிகளோடு பதிவுசெய்த பத்திரம் வேண்டும். 'லீஸ் அட்வான்ஸ்' என்று சாதா முத்திரைத்தாளில் எழுதி வைத்திருப்பவர், அதே வீட்டை வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்தால் அடமானதாரர் என்று சொல்லி நிற்க முடியாது.