காதுக்குள் பிளக்கா, காதுமேல் மஃபா? மீட்புக் களத்தில் எது தாங்கும்

புயல் சாய்த்த மரத்தை அறுக்கும் செயின்சா, ஓட்டுபவரின் காதருகே 105 முதல் 115 டெசிபல் வரை இரையும். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு, 85 டெசிபலில் 8 மணி நேரம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும்: 100-க்கு 15 நிமிடம், 109-க்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்வதெல்லாம் மனத்திருப்திக்குத்தான்.

பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தால், காதுக்குள் செருகும் ஃபோம் பிளக்தான் ஜெயிக்கும். அதில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கும், காதை மேலிருந்து மூடும் சாதாரண இயர்மஃபில் 25. ஆனால் அது ஆய்வக எண். நியோஷ் 1998-இல் சொன்ன முறைப்படி ஃபோமுக்குப் பாதியையும் மஃபுக்குக் கால் பங்கையும் கழித்தால், பிளக் 16-க்கு இறங்கும், மஃப் 19-இல் நிற்கும். காரணம் விரலில் இருக்கிறது. பிளக்கை மெல்லிய குச்சிபோல உருட்டி, மறுகையைத் தலைக்குமேல் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்து, செருகி, 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். செயின் ஆயிலும் சேறும் அப்பிய கையால் இதை யார் செய்வார்கள்? பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை.

இடிபாட்டில் இன்னொரு சிக்கல். சர்வதேச மீட்புக் குழுக்களின் இன்சராக் சைகைப்படி, 3 விநாடி நீளும் ஒரே ஒலி என்றால் எல்லா மெஷினும் நிற்க வேண்டும், உள்ளே யாராவது முனகுகிறார்களா என்று கேட்க வேண்டும். மஃபை ஒரு நொடியில் தூக்கலாம். பிளக்கைப் பிடுங்கினால் மறுபடி போடுவது அபூர்வம். எட்டு மணி நேரமும் ஒரே இரைச்சலில் அரை மணி நேரம் கழற்றி வைத்தாலே, எவ்வளவு உசத்தியான கருவியும் 12 டெசிபலுக்குமேல் காக்காது.

மஃபுக்கும் குறை உண்டு. கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும், வியர்வை ஊறும், மெத்தை விறைத்து வெடித்தால் மாற்றியாக வேண்டும். ஹெல்மெட்டில் மாட்டும் வகை வாங்குவது நல்லது. மைக் வைத்த எலக்ட்ரானிக் மஃப் மெல்லிய ஒலியை உள்ளே விடும், பேரிரைச்சலை மட்டும் வெட்டும். இடிபாட்டுக்கு அதுதான் முதல் தேர்வு, பேட்டரி கைவசம் இருக்கும்வரை.

ஜெனரேட்டர், பம்ப் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்பவருக்குப் பிளக் போதும், கழற்ற வேலையில்லை.

கான்கிரீட் கட்டருக்கு இரண்டையும் போடலாம். எண்களைக் கூட்டாதீர்கள், பெரியதோடு 5 டெசிபல்தான் சேரும். அப்போது விசிலும் கேட்காமல் போகலாம். எனவே ஒருவர் கண்ணெதிரே நின்று கையசைக்க வேண்டும். பின்னாலிருந்து தோளைத் தொடக் கூடாது, பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்.