குதிரைப் பாய்ச்சலுக்கு எத்தனை பகடை?

முதல் உலகப் போர்ச் சண்டைகளைப் பலகை விளையாட்டாக மேசையில் ஆடுபவர்களுக்குக் குதிரைப்படை எப்போதும் ஒரு தலைவலி. மெஷின் கன் வந்தபின் குதிரையில் பாய்ந்தவனெல்லாம் செத்தான் என்று விதி எழுதினால், குதிரைப்படை வென்ற 1917இன் பீர்ஷெபா (பாலஸ்தீனம்) மேசையில் நடக்கவே நடக்காது. கொஞ்சம் தாராளமாக எழுதினால், குதிரைப்படை தோற்ற 1914இன் ஹாலன் (பெல்ஜியம்) நடக்காது. ஒரே விதி இரண்டுக்கும் இடம்கொடுக்க வேண்டும். பல முறைகளை ஆடிப் பார்த்து, நான் 'ஒரே வீச்சு' முறைக்கு மாறிவிட்டேன்.

ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட டிவிஷன் அளவிலான ஆட்டங்களில் சிக்கலே இல்லை. குதிரைப்படை இருந்தால், தாக்குதலின் முடிவைச் சொல்லும் அட்டவணையில் சாதகமாக ஒரு கட்டம் தள்ளிக்கொள், அவ்வளவுதான். அந்த அளவுக்கு அது போதும்; ஆனால் பாய்ச்சல் என்று ஒன்று நடந்ததே கண்ணில் படாது. உண்மையான போட்டி சிறிய அளவிலான ஆட்டங்களில் உள்ள இரண்டு முறைகளுக்கு இடையில்தான்.

முதலாவது, ஹெக்ஸுக்கு (பலகையின் ஒவ்வொரு அறுகோணக் கட்டத்துக்கும்) ஒரு சூடு. குதிரை ஒவ்வொரு ஹெக்ஸில் நுழையும்போதும் எதிராளி ஒருமுறை பகடை உருட்டலாம். எல்லாருக்கும் பழகிய முறை, தனி விதி வேண்டாம், தனியாக உட்கார்ந்து ஆடவும் வசதி.

இதில் இடிப்பது நேரக் கணக்கு. ஒரு ஹெக்ஸ் 100 மீட்டர் என்றால், கடைசி 800 மீட்டரைக் கடக்கும் குதிரைப்படை எட்டு முறை சூடு வாங்கும். நடந்து வரும் காலாட்படையும் அதே எட்டு முறைதான் வாங்கும். ஆனால் நாலுகால் பாய்ச்சலில் குதிரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 மீட்டர் போகும். அந்த 800 மீட்டருக்கு இரண்டே நிமிடம். காலாட்படைக்கு எட்டு நிமிடமாவது ஆகும். சுடுபவனுக்குக் கிடைக்கும் நேரம் நாலில் ஒன்றாகக் குறைந்தும் பகடை எண்ணிக்கை குறையவில்லை. அப்படியானால் குதிரை எதற்கு? பெரிய இலக்கு என்று அதற்குக் கூடுதல் அபராதமும் சேரும்போது, வேகம் என்ற அதன் ஒரே சொத்தையும் விதியே பறித்துவிடுகிறது.

பீர்ஷெபாவில் அக்டோபர் 31 மாலை, ஆஸ்திரேலியாவின் 4ஆவது லைட் ஹார்ஸ் பிரிகேடைச் சேர்ந்த ஏறத்தாழ 800 பேர், வாள்கூட இல்லாமல், பயோனெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திறந்த வெளியில் பாய்ந்தார்கள். செத்தவர்கள் 31 பேர். துருக்கியப் பதுங்குகுழிகளுக்கு முன்னால் முள்கம்பி இல்லை. குதிரைகள் நெருங்க நெருங்க, துப்பாக்கியில் தூரத்துக்கேற்ப வைக்கும் குறியளவைத் தாழ்த்தத் துருக்கியர் பலர் தவறினார்கள். குண்டுகள் தலைக்கு மேலே போயின. ஹெக்ஸுக்கு ஒரு சூடு முறையில் இதை ஆடினால் பாதி வழியிலேயே படைகளைக் குறிக்கும் கவுன்ட்டர்களைப் பெட்டிக்குள் போட வேண்டியதுதான்.

இரண்டாவதான ஒரே வீச்சு முறையில் பாய்ச்சல் முழுவதற்கும் எதிராளிக்கு ஒரே சூடு. எப்போது என்பது அவர் விருப்பம். தொலைவிலேயே சுட்டால் பலன் குறைவு, ஆனால் நிச்சயம். கிட்டே வரட்டும் என்று காத்திருந்தால் சுடுபவருக்கு முதலில் மன உறுதிச் சோதனை: தேறினால் இரண்டு மடங்கு பகடை, தவறினால் பாதிதான். அந்தப் பாதிக்குள் குறியளவு, கைநடுக்கம் எல்லாம் அடக்கம்.

அப்புறம், தடை. வேலியோ புதரோ பள்ளமோ குதிரையை நிறுத்தினால், சோதனை ஏதுமின்றி இன்னொரு சூடு. இந்த ஒரு வரி ஹாலனைக் கொண்டுவந்துவிடுகிறது. 1914 ஆகஸ்ட் 12 அன்று அங்கே குதிரையை விட்டிறங்கிய பெல்ஜியக் குதிரைப்படையினரும் சைக்கிள் படையினரும் சுட, ஜெர்மானியர்கள் வேலிகளிலும் வயல்களிலும் சிக்கித் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். களத்தில் கிடந்த தலைக்கவசங்களை வைத்து அதற்கு 'வெள்ளித் தலைக்கவசங்களின் போர்' என்றே பெயர் வந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு மோசமான பகடையில் மொத்தப் பாய்ச்சலும் முடிந்துவிடும். பொறுமையாக ஆடுபவர்களுக்கு எரிச்சல் வரும். மெஷின் கன்னுக்கு மன உறுதிச் சோதனை வேண்டாம், அதன் மேல் பீரங்கிக் குண்டு விழுந்திருந்தால் மட்டும் வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பீர்ஷெபாவில் பக்கவாட்டு மெஷின் கன்களைப் பிரிட்டிஷ் குதிரைப் பீரங்கிகள் அடக்கியதால் அது பொருந்துகிறது. மற்றச் சண்டைகளுக்குப் பொருந்துமா என்று இன்னும் ஆடிப் பார்க்க வேண்டும். போலந்து-சோவியத் போரின் 1920 கோமாரோவ் போலக் குதிரைப்படையோடு குதிரைப்படை மோதும் சண்டைகளில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே இந்த முறையை நம்பிச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஹெக்ஸ் முறை தெளிவாக ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் (இன்றைய இஸ்ரேல்) ஜோத்பூர் லான்சர்கள் (ஈட்டி ஏந்திய குதிரைப்படை) கிஷோன் ஆற்றங்கரையின் சகதியைக் கண்டு இடப்பக்கம் திரும்பி, கார்மல் மலைச் சரிவை ஒட்டிப் பாய்ந்தார்கள். மைசூர் லான்சர்களின் ஒரு பிரிவு மலைமேல் ஏறிப் பீரங்கிகளைத் தாக்கியது. பாய்ச்சலின் நடுவே வழி மாறுவதை ஒரே வீச்சு முறையில் காட்ட வேண்டுமானால் அதை முன்கூட்டியே சினாரியோவில் (அந்தச் சண்டைக்கான ஆட்டக் குறிப்பில்) எழுதிவைக்க வேண்டும். ஹெக்ஸில் அது தானாக நடக்கும். ஹைஃபாவை ஆடுவதென்றால் நான் இப்போதும் ஹெக்ஸ் பலகையைத்தான் விரிப்பேன்.