வெடிக்கிற சோதனை முன்னால் ஹை-ஸ்பீட் கேமரா: ஷீட்டா, பெட்டியா, முகக்கண்ணாடியா?

நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும், லட்சக்கணக்கில் விலை கொடுத்த கேமராவைச் சிதறப்போகும் ஒன்றின் முன்னால் நிறுத்த யாருக்கும் மனசு வராது. காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கல்லூரி ஆய்வகத்தில் சிலிண்டர் அழுத்தத்தில் உடைவதையோ லித்தியம் செல் தீப்பிடிப்பதையோ எடுக்கிறவர்கள் முன்னால் நாலு வழி இருக்கிறது.

முதலில் தோன்றுவது, தள்ளி வைத்து, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் போடுவது. செலவில்லாத யோசனைதான். ஆனால் பறக்கும் இரும்புத் துண்டுக்கு இருபது மீட்டர் ஒரு தூரமே இல்லை. மே மாத நடுப்பகலில் பாலாற்று மணலில் எடுத்தால் கானலில் படமே நெளியும். வெளியில் எடுப்பதென்றால் இந்த ஊரில் விடியற்காலைதான் சரி.

இரும்புப் பெட்டிக்குள் அடைப்பது பார்க்கப் பலமாக இருக்கும். ஹை-ஸ்பீட் கேமரா ஓடும்போதே சூடாகும், விசிறி வைத்துத்தான் வருகிறது. 40 டிகிரி வெயிலில் அதை மூடிவைத்தால் துண்டு படுவதற்கு முன்பே சூட்டில் நின்றுவிடும். இதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அடுத்து, கேமராவுக்கு முன்னால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட். போர்டு செய்கிற கடையில் கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் நீட்டுவார்கள். 92 சதவீத ஒளியை விடும், பளிச்சென்று இருக்கும், ஆனால் அடிபட்டால் கூரான சில்லுகளாக உடையும். பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக் 88 சதவீதம்தான் விடும், உடையாமல் வளையும். சந்தேகமிருந்தால் ஓரத்துத் துண்டு ஒன்றை வாங்கி மடக்கிப் பாருங்கள்: ஒன்று டப்பென்று முறியும், மற்றது வளைந்தபடி நிற்கும். கூரைக்குப் போடும், உள்ளே அறை அறையாக இருக்கும் பாலிகார்பனேட் இதற்கு ஆகாது, கெட்டி ஷீட்தான் வேண்டும். அசிட்டோன் போட்டுத் துடைத்தால் வெடிப்பு விழும். சோப்புத் தண்ணீர் போதும். கீறல் சீக்கிரம் விழும் என்பதால் லென்ஸை ஷீட்டுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள், கீறல் ஃபோகஸில் சிக்காது, விளக்கின் பிரதிபலிப்பும் குறையும். பிரதிபலிப்பை அடக்க லென்ஸில் போடும் போலரைசர் ஃபில்டரை மாட்டினால் ஷீட்டில் வானவில் பட்டைகள் தெரியும், கழற்றிவிடுங்கள்.

என் ஓட்டு முகக்கண்ணாடிக்கு. கேமரா செங்கல் சுவருக்குப் பின்னால். சோதனைக்கு எதிரே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி, அதில் தெரியும் பிம்பத்தைத்தான் கேமரா எடுக்கும். துண்டு நேர்க்கோட்டில் வரும், கண்ணாடி உடையும், கேமரா தப்பிக்கும். வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருப்பதால் மங்கலான இரண்டாவது பிம்பம் விழும். முன்பக்கமே அலுமினியம் பூசியது இருந்தால் நல்லது, ஆனால் விலை அதிகம், விரலும் படக்கூடாது. முன்னோட்டத்துக்குச் சாதா கண்ணாடியே போதும். இடவலம் மாறித் தெரிவதை எடிட்டிங்கில் திருப்பிக்கொள்ளலாம்.

ஒளி இழப்பு அலுமினியக் கண்ணாடிக்கும் பாலிகார்பனேட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நொடிக்கு 10,000 ஃபிரேம் எடுக்கும்போது ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதே நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம், எந்த வழியானாலும் விளக்கைக் கூட்டத்தான் வேண்டும்.

லித்தியம் செல்லுக்கு மட்டும் முகக்கண்ணாடி தனியாகப் போதாது. அந்தப் புகையில் இருக்கும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு லென்ஸ் கண்ணாடியையே அரிக்கும், ஆளையும் சும்மா விடாது. அங்கே லென்ஸுக்கு முன்னால் ஷீட்டும் வேண்டும், ஆட்கள் புகை படாத இடத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒயர். இந்தக் கேமராக்களில் பலவும் படத்தை முதலில் தற்காலிக நினைவகத்தில்தான் வைக்கின்றன. துண்டு ஒயரை அறுத்தாலும் கரண்ட் போனாலும் எடுத்தது மொத்தமும் போச்சு. ஒயரைச் சுவருக்குப் பின்பக்கமாகவே இழுத்து, யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.