ஃப்ரீ டிஷ்: சந்தா இல்லை, விளம்பரம் உண்டு (குமரி மாவட்டத்துக்கான மதிப்புரை)

மாதச் சந்தா இல்லாத டிவி என்றதும் குமரி மாவட்டத்தில் இரண்டு வகை ஆட்கள் விசாரிக்கிறார்கள். கேபிள் பில் கட்டிச் சலித்தவர்கள் ஒரு வகை. தோட்டத்து வீடு, கடை, வாடகை அறை என எப்போதாவது டிவி ஓடும் இடத்துக்கு ஓர் இணைப்பு தேடுகிறவர்கள் இன்னொரு வகை. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் இரண்டாவது வகையினருக்குக் கச்சிதம். முதல் வகையினர் கடைக்குப் போகும் முன் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கிய சேவை இது. பெட்டி, டிஷ், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அலைவாங்கி), கேபிள், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபாய். அதோடு செலவு முடிந்தது. பழைய டிடிஎச் டிஷ் மாடியில் சும்மா கிடந்தால் அதையே திருப்பி வைத்துக்கொள்ளலாம். பெட்டி வாங்கினால் போதும். பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் எம்பெக்-2 பெட்டியிலும் படம் வரும், ஆனால் எம்பெக்-4இல் மட்டும் அனுப்பப்படும் சேனல்கள் அதில் தெரியாது. ‘என் வீட்டில் அந்தச் சேனல் வரவில்லை’ என்ற புகாரில் பாதி இதனால்தான்.

அடுத்த பாதி டிஷ் திசையால் வருவது. இணையத்தில் கிடைக்கும் பொருத்தும் முறை வீடியோக்கள் பெரும்பாலும் இந்தி. வட இந்தியக் கணக்கு. செயற்கைக்கோள் நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில். டில்லியில் அதைப் பிடிக்க, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 149 பாகை திரும்பி, 52 பாகை உயரம் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் திசை 116 பாகை, அதாவது கிழக்கிலிருந்து சற்றே தெற்குப் பக்கம். உயரம் 69 பாகை. ஏறக்குறைய உச்சிக்குப் பக்கத்தில். ஆனால் டிஷ்ஷின் முகத்தை வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்துவிடாதீர்கள். இவை ஆஃப்செட் டிஷ்கள், அதாவது எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பவை. வளைவிலேயே சுமார் 24, 25 பாகை அடங்கியிருக்கிறது. முகம் தரையிலிருந்து 45 பாகை சாய்ந்தமாதிரி தெரிந்தால் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதைவிட அதிகம் தவறுவது எல்என்பி திருப்பத்தில். டில்லியில் அதை 27 பாகை திருப்பினால் போதும். இங்கே 63 பாகை. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இந்தத் திருப்பம் கூடும், குமரியைவிடத் தெற்கே இந்தியப் பெருநிலப்பரப்பில் ஊர் கிடையாது. டிஷ்ஷின் பின்னால் நின்று செயற்கைக்கோளைப் பார்த்தால், கேபிள் செருகும் முனை கடிகாரத்தின் 6 மணி நிலையிலிருந்து 4 மணிப் பக்கம் இடஞ்சுழியாக நகர வேண்டும். நேராக விட்டுவிட்டால் பெட்டியில் ‘ஸ்ட்ரென்த்’ பட்டை 80, 90 காட்டும், ‘குவாலிட்டி’ பட்டை பூஜ்யத்தில் படுத்திருக்கும். ஸ்ட்ரென்த் என்பது எல்என்பிக்கு மின்சாரம் போய் ஏதோ அலை திரும்பி வருகிறது என்பதை மட்டுமே சொல்லும். அதை நம்பி மணிக்கணக்காக டிஷ்ஷை ஆட்டுவதில் பயனில்லை. குவாலிட்டி எகிறும்வரை எல்என்பியைப் பாகை பாகையாகத் திருப்பி, பிறகு நட்டை இறுக்குங்கள்.

69 பாகை உயரத்தில் ஒரு லாபமும் உண்டு. தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் வீட்டிலும் மட்டை மறைப்பது குறைவு; உச்சிக்கு நேராகக் கவிழ்ந்த மரம் மட்டும் இல்லாமல் பார்த்தால் போதும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் காலை 11 மணி சுமாருக்குச் சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோள் நிற்கும் திசையில் இருக்கும். அந்த நேரத்தில் வெயில் நேராக விழும் இடத்தில் டிஷ் வைத்தால் மறைப்பே இருக்காது. அதே நாட்களில் அதே நேரத்தில் சில நிமிடம் படம் போகும். பெட்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், சூரியனின் அலை குறுக்கிடும் சூரிய இரைச்சல் அது.

மழை பற்றி. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைவது எந்த டிடிஎச்சுக்கும் பொது. உயரக் கோணம் கூடுதல் என்பதால் அலை மழைக்குள் கடக்கும் தூரம் குறைவு, படம் வேகமாகவே திரும்பிவிடும். மழை விட்டும் படம் வரவில்லை என்றால் கேபிள் முனையில் திருகியிருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடல் காற்று அடிக்கும் ஊர்களில் அதன் நடுக்கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். மலிவான ஆர்ஜி-6 கேபிளில் நடுக்கம்பி செம்பு முலாம் பூசிய இரும்பு. முலாம் உரிந்தால் துரு. அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி, புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றி, கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் தண்ணீர் முனைக்குள் இறங்காது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பிரச்சினை வேறு. காற்றாலையைச் சுழற்றும் காற்றில் டிஷ் இரண்டு பாகை திரும்பினாலே எல்லாம் போச்சு. சுவரில் நான்கு போல்ட், கூடுதலாக ஒரு தாங்கு கம்பி அவசியம்.

பொருத்துவது இவ்வளவுதான். இனி திரையில் என்ன வருகிறது என்பது.

தூர்தர்ஷன் சேனல்கள் அனைத்தும் வரும், டிடி தமிழ் உட்பட. மீதி இடங்களைத் தனியார் சேனல்கள் ஏலத்தில் எடுக்கின்றன. பெரும்பான்மை இந்தி. மாலையில் தமிழ்ச் சீரியல் பார்க்கும் வீட்டுக்கு இது முதல் இணைப்பாக உதவாது; அதை மறைத்துச் சொல்லி விற்கும் கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். இந்திப் பழைய படம், பக்தி, செய்தி, விளையாட்டு போதும் என்பவருக்குக் குறையில்லை. 2019இல் சேனல் கட்டண விதிகள் மாறியபோது பெரிய நிறுவனங்கள் தங்கள் இந்திச் சேனல்களை இதிலிருந்து விலக்கிக்கொண்டன, அடுத்த ஆண்டே சில திரும்பின. எந்தச் சேனல் இருக்கும், எது போகும் என்பதை டிவி பார்ப்பவர் தீர்மானிப்பதில்லை. சந்தா கட்டாதவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்?

விளம்பரத்துக்கு வருவோம், இந்தச் சேவையின் உண்மையான விலை அதுதானே. சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. நான்கரை மாதம் கழித்து, 1976 ஜனவரி 1 முதல் தூர்தர்ஷன் விளம்பரம் வாங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே 1967இல் விவித பாரதி வானொலியில் விளம்பரம் வந்துவிட்டது. டிவி பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலம் அது. ஆக அந்தத் தலைமுறை கட்டணமும் கட்டியது, விளம்பரமும் பார்த்தது. ஆனால் அன்றைய விளம்பரம் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் கொத்தாக வரும். நடுவில் புகுந்து கதையை வெட்டாது.

உலகில் டிவி விளம்பரத்துக்கு இரண்டு மாதிரிகள் இருந்தன. அமெரிக்காவில் 1941 ஜூலை 1 அன்று முதல் சட்டப்படியான விளம்பரம், ஒரு கைக்கடிகாரத்துக்கு, வெளியானது. அங்கே பல ஆண்டுகள் நிகழ்ச்சியையே விளம்பரதாரர்தான் தயாரித்தார். பிரிட்டன் 1954 சட்டத்தில் அதைத் தடுத்தது: நேரம் விற்கலாம், நிகழ்ச்சியை விற்கக்கூடாது. 1955 செப்டம்பரில் அங்கே முதலில் வந்தது ஒரு பற்பசை விளம்பரம். தூர்தர்ஷன் முதலில் பிரிட்டன் வழியில் நொடிக் கணக்கில் நேரத்தை விற்றது. 1980களில் அமெரிக்க வழிக்குச் சாய்ந்து ஸ்பான்சர் முறையைக் கொண்டுவந்தது. 1984இல் ‘ஹம் லோக்’ தொடரின் தோளில் ஏறி மேகி நூடுல்ஸ் வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான். தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவார். பதிலுக்கு இத்தனை நொடி இலவச விளம்பர நேரம் பெறுவார். ஃப்ரீ டிஷ்ஷில் சேனல் ஏலத்துக்குப் பணம் கட்டி அதை விளம்பரத்தில் மீட்பது அந்தக் கணக்கின் பேரன்தான்.

தூர்தர்ஷனின் விளம்பர விதிகளை இன்று படித்தால் சிரிப்பு வரும். சிகரெட், மது கூடாது, அது சரி. கூடவே சீட்டு நிறுவனம், திருமணத் தகவல் நிலையம், ஜோதிடர், உரிமம் இல்லாத வேலைவாய்ப்பு ஏஜென்சி எதுவும் கூடாது. இந்தப் பட்டியலை இன்றைக்கு அப்படியே அமல்படுத்தினால் காலை நேரத் தனியார் சேனல்களில் பாதித் திரை காலியாகிவிடும்.

சேனல் ஒழுங்குமுறையை நாகர்கோவில்காரர்கள் ஆன்டெனாக் கம்பியிலேயே பார்த்தவர்கள். கேபிள் வரும் முன் வடமேற்கே திருவனந்தபுரம், மலை மறைக்காத இடங்களில் வடக்கே கொடைக்கானல், கடலுக்கு அப்பால் இலங்கை அரசு டிவியான ரூபவாஹினி. ஒவ்வொன்றுக்கும் கம்பியை ஒரு திசைக்குத் திருப்ப வேண்டும். கீழ் அலைவரிசைக்கு இரண்டு மீட்டருக்கு மேல் நீளக் கம்பி, மேல் அலைவரிசைக்கு முக்கால் மீட்டர், அதற்குமேல் பூஸ்டர். 1985இல் திருவனந்தபுரத்தில் மலையாள நிகழ்ச்சிகள் தொடங்க, விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் அதுவே ‘நம்ம டிவி’ ஆனது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்படி ஒளிபரப்பு அரசின் தனி உரிமை என்று இருந்த காலத்திலேயே, கடல் அமைதியான நாட்களில் கொழும்புக் கடைகளின் விளம்பரம் எந்த டில்லி விதிக்கும் கட்டுப்படாமல் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் சேனல் வந்த பிறகு டில்லி கண்ட தலைவலியைக் குமரிக் கடற்கரை பத்தாண்டு முன்பே கண்டுவிட்டது.

சட்டம் பின்னாலேயே ஓடி வந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியபோது கேபிளுக்கென்று சட்டமே கிடையாது. 1994 செப்டம்பரில் அவசரச் சட்டம், 1995இல் கேபிள் டிவி சட்டம். அதே 1995 பிப்ரவரியில், அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்த கேபிள் விதிகளில் 7ஆவது விதியை டிவி பார்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது: 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த அறிவிப்பு. விளம்பரச் சத்தம் அளவுக்கு மீறக்கூடாது. நிகழ்ச்சி ஓடும்போது திரையின் கீழ்ப் பகுதியில் விளம்பர வரி ஓட்டக்கூடாது. மூன்றையும் நீங்களே சோதிக்கலாம். இரவு 8 மணி அடித்ததிலிருந்து 9 வரை கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை இடைவேளை தொடங்கும்போது ஓட்டி, முடிந்ததும் நிறுத்துங்கள். மறுபடி இடைவேளை வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். விளம்பரம் 10 நொடிக் கணக்கில் விற்கப்படுவதால் மொத்த வரம்பு 72 துண்டு. தனியார் சேனல் சிலவற்றில் 72 எப்போது தாண்டியது என்றே தெரியாமல் தாண்டிவிடும். சத்தத்துக்கு, ரிமோட்டில் எத்தனை புள்ளி குறைக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். கீழே ஓடும் வரிக்குச் சோதனையே தேவையில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2012, 2013இல் இந்த 12 நிமிட வரம்பைக் கறாராக்க முயன்றபோது சேனல்கள் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.

இந்த அளவுகோலில் ஃப்ரீ டிஷ்ஷுக்குள்ளேயே இரண்டு உலகம் இருக்கிறது. டிடி தமிழ் உள்ளிட்ட தூர்தர்ஷன் சேனல்களில் இடைவேளை குறைவு, சத்தமும் அடங்கியிருக்கும். ஏலத்தில் எடுத்த தனியார் சேனல்களில் எண்ணெய், மூட்டுவலித் தைலம், டெலிஷாப்பிங் என்று அரை மணி நேரத் துண்டுகள். கேபிளுக்குப் பணம் கட்டினால் இது குறையுமா? குறையாது. 2019 கணக்கில் இணைப்புக் கட்டணம் மட்டும் 130 ரூபாய், வரியோடு 153.40, சேனல் விலை அதற்கு மேல். 2024இல் இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பையும் ட்ராய் எடுத்துவிட்டது. பணம் கட்டியும் அதே விளம்பரத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கூடுதலாகக் கிடைப்பது தமிழ்ச் சேனல். அதற்காக மட்டும் கேபிள் வைத்துக்கொள்வது நியாயமான காரணம்தான்.

வாங்கிவிட்டவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சேனல் ஏல ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஏப்ரல் முதல் வாரத்தில் சில சேனல்கள் கறுப்பாகும், வேறு சில இடம் மாறும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு 300 ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. மெனுவில் போய் ஆட்டோ ஸ்கேன் ஒருமுறை ஓட்டுங்கள். ஓட்டும் முன் பழைய பட்டியலை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செத்த சேனலும் புதுச் சேனலும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.