நியாசின் 500 மி.கி.: கோவன் வரும்போது காது சுட்டது

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் பொட்டலம் சுத்தமாக, சொன்ன தேதிக்கு வந்ததற்காக.

வாங்க வைத்தது என் மச்சான். "கொலஸ்ட்ரால்தானே மாப்பிள்ளை, நியாசின் போடுங்க, வெறும் வைட்டமின், ஒன்னும் செய்யாது" என்றார். ஆன்லைனில் 100 மாத்திரை 24 சிங்கப்பூர் வெள்ளி. முதல் நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒன்றைப் போட்டு, மேலே சூடாக ஒரு கோப்பியும் குடித்துவிட்டு செங்காங்கில் ரயில் ஏறினேன். கோவன் ஸ்டேஷன் வரும்போது காது சுட்டது. சிராங்கூனில் கழுத்து, உட்லேயில் முகம் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல், அரிப்பு வேறு. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார், எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. பூன் கெங்கில் இறங்கி மனைவிக்கு போன் செய்தால், "நேத்து ராத்திரி இறால் சாப்பிட்டீங்களே" என்கிறாள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் தானாக அடங்கிவிட்டது.

இதை ஃப்ளஷ் என்கிறார்கள். நிகோடினிக் அமிலம், அதாவது இந்த நியாசின், தோலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது, அதனால் மெல்லிய ரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சிவக்கிறது. ஒவ்வாமை இல்லை, ஆனால் வெறும் வயிறும் சூடான பானமும் அதைக் கூட்டிவிடும், நான் இரண்டையும் சரியாகச் செய்திருக்கிறேன். டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, எறும்பு சைசில்.

டப்பாவில் 'வைட்டமின் பி3' என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அந்தப் பெயரில் நிகோடினிக் அமிலமும் வரும், நிகோடினமைடும் வரும். இரண்டாவதில் இந்த எரிச்சல் கிடையாது, ஆனால் அது கொலஸ்ட்ராலைக் குறைக்காது. (மனைவி முகத்துக்குப் பூசும் சீரத்தில் நியாசினமைடு என்று இருப்பதும் இதேதான்.) 'ஃப்ளஷ் இல்லாத நியாசின்' என்று விற்கும் இனோசிட்டால் வகையைக் கொலஸ்ட்ராலுக்காக வாங்குவதும் வீண் செலவு.

அப்புறம் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டரிடம் டப்பாவைக் காட்டினேன். நான் ஏற்கெனவே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. அவர் முதலில் சொன்னது "நிறுத்துங்கள்". நியாசின் நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பைக் குறைக்கும், அது உண்மைதான், அதற்காகத்தான் ஒரு காலத்தில் டாக்டர்களே நாளுக்கு 1000, 2000 மி.கி. என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில், 2011இல் ஒன்று, 2014இல் 25,000 பேருக்கு மேல் வைத்து இன்னொன்று, மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ரிப்போர்ட்டில் எண் மட்டும் அழகாக மாறியிருக்கிறது. பெரிய ஆய்வில் சர்க்கரை நோயும் ரத்தக்கசிவும் கூடியிருந்தன. கல்லீரலும் கெடலாம், அதுவும் மெதுவாகக் கரையும் வகையை அதிக அளவில் போட்டால்.

ஒரு ஆணுக்கு நாளுக்குத் தேவை 16 மி.கி., பெண்ணுக்கு 14. கோழி, மீன், வேர்க்கடலை சாப்பிடுகிறவருக்கு அது தட்டிலேயே வந்துவிடும். நான் விழுங்கியதோ முப்பது மடங்கு. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு வந்த பெலாக்ரா நோய்க்கு இந்த வைட்டமின் உயிர் காத்த மருந்து, அதில் சந்தேகமில்லை. தேக்காவில் வாரம் இரண்டு தடவை மீன் தலைக் கறி சாப்பிடுகிற எனக்கு எங்கிருந்து பெலாக்ரா வரும்?

விற்றவரிடம் கேட்டேன், திறந்த டப்பாவைத் திரும்ப வாங்க மாட்டாராம். "அண்ணனுக்கே கொடுத்துடுங்க" என்கிறாள் மனைவி. நியாசின் யூரிக் அமிலத்தையும் ஏற்றும், மச்சானுக்கோ அந்த அமிலம் கூடி வரும் மூட்டு நோயான கௌட், போன மாதம்தான் கால் பெருவிரல் வீங்கிப் படுத்திருந்தார். மிச்சம் 99 மாத்திரை குளிர்சாதனப் பெட்டி மேலே இருக்கிறது.